முக்கால், அரை, கால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பரில் வரி விளம்பரங்களை மேய்ந்துகொண்டிருந்தேன். வேலை தேடும் வயதைத் தாண்டி வெகுநாள் ஆயிற்று. ஆனாலும் 'ஆட்கள் தேவை' பகுதியைப் படிக்காமல் எனக்குப் பொழுது விடியாது. 1993-ல் ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் வீதிக் கோடியில் லைன் வீட்டில் குடியிருக்கும் பெண், ஜவுளிக்கடைப் பை ஒன்றை அணைத்துப் பிடித்தபடி வந்து நின்றாள். பைக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ். எல்லாம் லேமினேஷன் போட்டுப் பளபளவென்று இருந்தன.

வயது 41. திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் 12 வருஷம் செக்கிங் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வீதி முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும், பார்த்திருக்கிறேன். ஆர்டர் இல்லை என்று ஆறு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், அரசுப் பள்ளியில் பத்தாவது.

"ஏனுங்க ஐயா, மறுபடியும் படிக்கலாம்னு இருக்கறனுங்க. வேலை இல்லாதவீங்க படிச்சா ஃபீஸுக்கு கவர்மெண்ட்ல ஏதாச்சும் குடுப்பாங்களாமே?"

"குடுப்பாங்க அம்மணி. அதைப் பொறவு பார்க்கலாம். உங்க ஊட்டுல மாசத்துக்கு அரிசி எத்தனை கிலோ ஆவுது?"

பெரியவருக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பாள். கொஞ்சம் குரலை உயர்த்தி, ஃபீஸைப் பற்றித்தான் கேட்டேன் என்றாள். நானும் ஃபீஸைப் பற்றித்தான் பேசுகிறேன் என்றேன். ரேஷனில் 20 கிலோ வருகிறது, அது போக இட்லிக்கும் விருந்தாளிக்கும் கடையில் 10 கிலோ என்று ஒருவழியாகச் சொன்னாள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி ஒரு பழைய டைரியும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்டாலும் அடுத்துக் காகிதம் தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியும். கேள்வியே அவளுடையதுதான்.

நான் 1971-ல் பி.யு.சி. பாஸ் செய்தவன். அடுத்த வருஷம் பி.எஸ்சி. சேர்ந்து ஆறு மாதத்தில் அப்பா தவறிவிட்டார். காலேஜ் நோட்டை மூடிவிட்டு, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் ஆலையில் பதிலியாகப் போனேன். பதிலி என்றால் தினமும் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது லீவு போட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்ததும் கோயம்புத்தூரைச் சுற்றி முளைத்த ஆலைகளில் அதுவும் ஒன்று. 1977-ல் பெர்மனென்ட். ரிங் ஃபிரேமில் சைடர் வேலை. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நடப்பது. அப்படியே ரிட்டயர் ஆகிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். 1993 தீபாவளிக்கு போனஸ் பேச்சுவார்த்தை முறிந்தது. தீபாவளிக்கு அடைத்த கேட் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஆலை நின்றுவிட்டால் உடனே நிவாரணம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டில் பூட்டுத் தொங்குவது வேறு, ஆலை மூடப்பட்டது என்பது வேறு. சட்டப்படி மூட அரசு அனுமதி கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் லிக்விடேட்டரைப் போட்டிருக்க வேண்டும். அதுவரை நாங்கள் வேலையில் இருக்கிறவர்கள்தாம், சம்பளம் மட்டும் கிடையாது. அந்த இரண்டுங்கெட்டான் நிலை எங்களுக்கு ஒன்றேமுக்கால் வருஷம் நீடித்தது. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கினேன். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினேன். மனைவி ஜாக்கெட் தைத்தாள்.

1995-ல் லிக்விடேட்டர் வந்தபின், 1986-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தோம். மூடிய தனியார் ஆலையில் ஐந்து வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கானது. முதல் வருஷம் சம்பளத்தில் முக்கால் பங்கு, இரண்டாம் வருஷம் அரை, மூன்றாம் வருஷம் கால். அதோடு சரி. இடையில் வேறு வேலை கிடைத்துவிட்டால் நின்றுவிடும். தொழிலாளியை ஏணியிலிருந்து ஒரேயடியாகத் தள்ளிவிடாமல் படிப்படியாக இறக்கிவிடுகிற ஏற்பாடு. காகிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எட்டாவது வரை படித்தவள். "முக்கால், அரை, கால். கால் வந்துட்டா அப்பறம் சொந்தக் கால்தான்" என்றாள். பிறகு தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பி.காம். எத்தனை வருஷம்?"

மூன்று வருஷம்.

அந்த நிதி படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது அல்ல. ஆனால் வேலைக்குப் போகாதே என்றுதான் அதில் இருந்தது, படிக்காதே என்று எங்கேயும் இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் நான் மறுபடி கல்லூரிக்குள் போனேன். 41 வயதில், தபால் வழியில். மதுரையில் 1971-லேயே தபால் வழிக் கல்வி தொடங்கிவிட்டார்கள். என்னைப் போலக் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள் தமிழ்நாடு முழுக்க அதில் படித்துத்தான் குமாஸ்தாவும் வாத்தியாருமானார்கள்.

விண்ணப்பத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் வருமானம்' என்று ஒரு கட்டம். அப்பா காலமானார் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பையன் பென்சிலைத் தட்டிக்கொண்டே, "அப்ப உங்க கார்டியன் யாருங்க?" என்றான். எனக்குப் பின்னால் பதினெட்டு வயசுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். "வீட்டுக்காரி" என்றேன். அவன் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். இன்றைக்கும் உதவித்தொகை விண்ணப்பம் எதை எடுத்தாலும் அந்தக் கட்டம் இருக்கிறது. மாணவன் என்றால் யாரோ சோறு போட வீட்டில் இருக்கிற ஆள் என்பதுதான் அதை அச்சடித்தவர்களின் கணக்கு. தானே வீட்டுக்குச் சோறு போடுகிறவன் மாணவனாக வந்து நின்றால் அவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். ஆலையில் கடைசிச் சம்பளம் 1,800 ரூபாய். முக்கால் 1,350, அரை 900, கால் 450. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 32,400. வீட்டுச் செலவு, கையை நன்றாகக் கடித்துக்கொண்டால், மாதம் 1,600. மூன்று வருஷத்துக்கு 57,600. துண்டு விழுவது 25,200. அதை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 700. என் மனைவியின் தையல் மெஷின் சராசரியாகக் கொடுத்தது ஏறக்குறைய அதேதான். ஃபீஸ் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 3,000-க்குள் முடிந்துவிட்டது. அதாவது என்னைப் பட்டதாரி ஆக்கச் செலவான பணத்தில் கல்லூரிக்குப் போனது இருபதில் ஒரு பங்கு. மிச்சம் முழுவதும் அரிசி, பருப்பு, வாடகை, மகளின் யூனிஃபார்ம். ஃபீஸுக்கு உதவி தேடி அலைகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருபதில் ஒரு பங்குதான் ஞாபகம் வரும்.

கணக்கு காகிதத்தில் அழகாக உட்கார்ந்தது. நான்தான் உட்காரவில்லை. முதல் வருஷம் 1,350-ம் 700-ம் சேர்ந்து 2,050. மாதம் 450 மிச்சம், வருஷத்துக்கு 5,400. மூன்றாம் வருஷம் கால் பங்கில் துண்டு விழப்போவதும் சரியாக அதே 5,400. எடுத்து வைத்திருந்தால் போதும், யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. ஒன்றேமுக்கால் வருஷம் காய்ந்து கிடந்த வீட்டில் திடீரென்று மாதம் 450 உபரி வந்தால் என்ன ஆகும்? பழைய டி.வி.எஸ். 50 ஒன்றை 4,000-க்கு வாங்கினேன். சனி, ஞாயிறு தொடர்பு வகுப்புக்குப் போகத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் போனால் ஒன்றரை ரூபாய். மிச்சம் தங்கச்சிக்குத் தீபாவளிச் சீரில் போயிற்று.

மூன்றாம் வருஷம் வண்டியை 2,200-க்கு விற்றேன். அதுவும் போதாமல், கடைசி வருஷ ஃபீஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் பத்து வட்டிக்காரரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கினேன். முதல் மாத வட்டி நூறைப் பிடித்துக்கொண்டு 900 கொடுத்தார். மாதம் நூறு வீதம் 14 மாதம் கட்டினேன். 1,400 கட்டியும் ஆயிரம் அப்படியே நின்றது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-ல்தான் வந்தது. வந்த பிறகும் அந்த ஆள் கடையை மூடவில்லை என்பது வேறு கதை. மனைவிக்கு இந்தக் கடன் விஷயம் தெரிந்த அன்று அவள் என்னோடு சண்டை போடவில்லை. கொடியில் இருந்த இரண்டு குண்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம்.

இன்னொரு செலவு. அதை எந்தத் திட்டத்திலும் இதுவரை பார்த்ததில்லை. முதல் வருஷம் அக்கவுண்டன்சியில் 28 மார்க்கு. அரியர். பழுப்புத்தாள் கட்டில் பாடப் புத்தகங்கள் வரும். சைக்ளோஸ்டைல் மாதிரி பொடி எழுத்து. ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்தால் பற்றும் வரவும் ஒன்றோடொன்று கலந்து மிதக்கும். அரை மணியில் தலைவலி. இருபது வருஷம் பஞ்சுத் தூசியில் நடந்தவனுக்கு மூளை மழுங்கிவிட்டது, படிப்பெல்லாம் இனி ஏறாது என்று முடிவு கட்டினேன். மனைவி ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லி ஒருநாள் கேட்டாள். என்னால் முடியவில்லை. அவளாலும் முடியாமல்தான் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளெழுத்து. நாற்பதில் எல்லோருக்கும் வருவது. பிளஸ் ஒன்றே கால் கண்ணாடி, 140 ரூபாய். அடுத்த தடவை அதே பேப்பரில் 61. மூன்று மாதம் நான் என்னை முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்ததற்கு 140 ரூபாய் இல்லாததுதான் காரணம்.

வயதானவர்களைப் படிக்க வைக்க வேண்டுமானால் முதலில் சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் வழி செய்ய வேண்டும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாமலில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. சகோதரி சுப்புலட்சுமி, குழந்தை விதவை, 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கியவர். விதவைப் பெண்களைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார்; சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில்தான் அந்த விடுதி. ஆனால் அங்கே சேர 18 வயதுதான் வரம்பு. 25-லும் 30-லும் விதவையாகி வருகிறவள் எங்கே போவாள்? அவர்களுக்காகவே சாரதா வித்யாலயா என்று வேறு ஒரு பள்ளி ஆரம்பித்தார். மயிலாப்பூரில் ஆந்திர மகிள சபாவை வளர்த்த துர்காபாய் தேஷ்முக், மத்திய சமூகநல வாரியத்தின் தலைவராக இருந்தபோது, பள்ளியைப் பாதியில் விட்ட வயதுவந்த பெண்களுக்குச் சுருக்கப் படிப்பு ஒன்றை 1958-ல் கொண்டுவந்தார். ஐந்தாறு வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்தில் முடித்துப் பரீட்சை எழுதலாம். அப்படிப் படித்து நர்ஸாகவும் கிராம சேவிகாவாகவும் போன பெண்கள் நிறைய. வயது வரம்பு என்ற சுவரில் முட்டிக்கொண்டவர்களைப் பார்த்தவர்கள்தாம் இரண்டு பேரும். அதனால்தான் கதவு எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

திண்ணைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் வேலைவாய்ப்பு அலுவலக அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். பிளஸ் டூ முடித்ததும் பதிந்தாளாம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குழந்தை பிறந்த வருஷம் விட்டுப்போயிற்று. அதோடு மூப்பும் போயிற்று. நம் ஊரில் பாதிப்பேர் கதை இதுதான். இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்குப் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது 40-க்குள் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45), குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. நாளுக்கு 200 ரூபாய்கூட வராத வீடு என்று அர்த்தம். அப்படியிருந்தால் பத்தாவது பாஸானவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷம் வரை. பட்டதாரியின் பங்கு நாளுக்கு 20 ரூபாய். இப்போதைய விலையில் ஒரு டீ, ஒரு வடை. இரண்டாவது டீக்கு வழியில்லை.

தொகை கிடக்கட்டும். அதிலிருக்கும் ஒரு விதிதான் என்னை உறுத்துவது. கல்லூரியில் நேரடியாகப் படிக்கிறவருக்கு அந்தத் தொகை கிடையாது. அஞ்சல் வழியில் படித்தால் பரவாயில்லை. இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம், 2022-ல் வந்தது. நல்ல திட்டம், இவள் மகளுக்கு நாளைக்கு அது கிடைக்கும், அதையும் டைரியில் எழுதிக்கொண்டோம். அதில் அஞ்சல் வழி என்றால் கிடையாது. ஆக, ஒருவர் தபாலில் படித்தால்தான் தருவேன் என்கிறார், மற்றவர் தபாலில் படித்தால் தரமாட்டேன் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்பவள் நாற்பது வயதுக்காரி. யாரும் வேண்டுமென்று அவளை ஒதுக்கவில்லை. அவள் வருவாள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"கம்பெனியில இ.எஸ்.ஐ. புடிச்சாங்களா அம்மணி?"

பிடித்தார்களாம். எனக்கு ஒரு நிமிஷம் உற்சாகம். எங்களுக்கு வந்த ஜவுளி நிதியை 2017-ல் நிறுத்தி, இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2005-லிருந்து இருக்கிற திட்டம். ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால், சந்தா கட்டியவருக்குச் சம்பளத்தில் அதிகபட்சம் பாதி, அதிகபட்சம் இரண்டு வருஷம். குடும்பத்துக்கு வைத்தியம் உண்டு. தொழில் பயிற்சிக்குப் போனால் கட்டணமும் போக்குவரத்தும்கூட அவர்கள் பொறுப்பு. நான் கேள்விப்பட்டவரையில் இந்த நாட்டில் வேலையிழந்தவரைப் படிக்க வைப்பதற்கு மிக அருகில் வருகிற ஏற்பாடு இதுதான்.

"நிறுத்தும்போது ஏதாச்சும் காயிதம் குடுத்தாங்களா?"

"அவீங்க ஒண்ணும் குடுக்கலீங்க. நாங்கதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோமுங்க. சொந்தக் காரணத்துனால விலகிக்கறேன்னு. அப்பத்தான் பாக்கிச் சம்பளம் வரும்னாங்க."

டைரியை மூடி வைத்தேன். தானாக விலகியவளுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. பன்னிரண்டு வருஷச் சந்தா ஒரு கையெழுத்தில் கரைந்துவிட்டது. அவள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? மகளுக்கு ஸ்கூல் வேன் பாக்கி இருந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் வேலையில் இருக்கிறவர்கள் யார் வந்தாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை: நிறுத்துகிறவன் நிறுத்தினேன் என்று எழுதிக் கொடுக்கட்டும், நீ விலகினேன் என்று எழுதிக் கொடுக்காதே.

2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்புச் செய்யப்படும் தொழிலாளியின் மறுபயிற்சிக்காக முதலாளி 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவு இருப்பது சந்தோஷம். ஆனால் பதினைந்து நாள் சம்பளத்தில் நாற்பது வயது ஆள் எந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வருவான் என்று அதை எழுதியவர்களிடம் கேட்க ஆசையாக இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ்கூட முடியாது.

என் தங்கை மகன் சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கி இருபது வருஷம் ஆயிற்று. கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தான். 46 வயதில் இப்போது மறுபடி டிப்ளமா படிக்கிறான். அங்கே 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி பயிற்சிக் கணக்கில் போட்டார்கள். அது ஃபீஸுக்கு. 2025-லிருந்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தால், முன்பு வாங்கிய சராசரிச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் கையில் வருகிறது. உச்சம் 3,000 வெள்ளி, மொத்தம் 24 மாதம். போனில் அவன் இதைச் சொன்னபோது என் மனைவி பக்கத்திலிருந்து, "நம்மளோட அரை வருஷக் கணக்கு" என்றாள். அதேதான். பணக்கார நாடு, குட்டி நாடு, அவர்களால் முடியும் என்று சொல்லிவிடலாம். நான் கவனிப்பது தொகையை அல்ல. ஃபீஸுக்கு ஒரு கணக்கும் அரிசிக்கு ஒரு கணக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

திண்ணையில் பேச்சு நடுவில் அந்தப் பெண் இன்னொரு விஷயத்தை அவிழ்த்தாள். ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தானாம். பட்டப்படிப்பு, ஃபீஸ் முழுக்க பேங்க் லோன், எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்கள் என்றானாம். பையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே கல்லூரிகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்லூரிக்கே கூடாதென்றால் ஏஜெண்டுக்கு எதற்கு?

கல்விக் கடனை நான் குறை சொல்ல மாட்டேன். நாலு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. கல்யாணமானவர் என்றால் கணவனோ மனைவியோ சேர்ந்து கையெழுத்துப் போடலாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்ட ஆரம்பித்து 15 வருஷம் வரை கட்டலாம். பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு இது வரம். இவள் மூன்று வருஷம் படித்து, ஒரு வருஷம் விட்டு, 45-ல் ஆரம்பித்து 60 வரை கட்டுவாள். அதற்குள் மகள் கல்யாணம். வட்டி படிக்கும்போதே ஏற ஆரம்பித்துவிடும் என்பதை ஏஜெண்ட் சொல்லவில்லை. வாங்காதே என்று நான் சொல்லவில்லை. கால் வருஷம் எப்போது வரும் என்று பார்த்துவிட்டு வாங்கு என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. என் கதையை அப்போதுதான் சொன்னேன், டி.வி.எஸ். 50 உட்பட.

பட்டம்தான் வேண்டும் என்று மனதில் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட வேண்டும் என்ற ஆசை, மகள் கல்யாணப் பத்திரிகையில். அதை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். என் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் பி.காம். என்று போட்டதைத் தடவிப் பார்த்தவன் நான். ஆனால் முதலில் ஒரு வருஷத்தில் முடிகிற படிப்பு, பிறகு சம்பாதித்துக்கொண்டே பட்டம் என்றேன். அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரைதான் சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது. இந்த ஒரு இடத்தில் இவளுக்கு அதிர்ஷ்டம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், யூனிஃபார்ம், புத்தகம், சைக்கிள், லேப்டாப். கோபா என்று கம்ப்யூட்டர் பிரிவு ஒன்று இருக்கிறது, ஒரே வருஷம், பத்தாவது போதும். ஒரு வருஷம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு மாத அரிசிக்கு வழி பண்ணினால் போதும். முப்பத்தாறு மாதத்துக்கு, எனக்கு வாய்த்தது போல ஜாக்கெட் தைக்கிற மனைவி எல்லோருக்கும் வாய்க்க மாட்டாள். இவளுக்கு வாய்த்தது லோடு ஆட்டோ. டீசல் விலைக்குத் தகுந்த மாதிரி ஓடும்.

"யூனிஃபார்மா? இந்த வயசுலீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பனியன் கம்பெனியில ஏப்ரன் போட்டீல்ல?" என்று என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்.

மாதச் செலவு முழுவதையும் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வா என்று டைரியைக் கொடுத்து அனுப்பினேன். வந்தாள். மகளின் கையெழுத்தில் இரண்டு பக்கம். வாடகை, கரண்ட், கேஸ், பால், செல்போன் ரீசார்ஜ், மகளிர் குழுத் தவணை, ஆட்டோ தவணை, மாமியாருக்கு மாத்திரை, கோயில் சீட்டு. என் வீட்டுக் கணக்கைவிட நேர்த்தி. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கி, வீட்டுக்காரர் வருமானத்தையும் 750-ஐயும் கழித்து, மாதம் 2,300 துண்டு விழுகிறது என்று கீழே சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அதை எப்படி அடைப்பது என்றும் மகளே எழுதியிருந்தாள்: சாயந்தரம் பீஸ் கணக்கில் கைமடி வேலை, 2,000, கோயில் சீட்டை ஒரு வருஷம் நிறுத்தி வைப்பது, 300.

"எல்லாம் சரியா இருக்குதுங்களா?"

பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்து வரி விளம்பரப் பக்கத்தை மடித்து அவளிடம் கொடுத்தேன். "இந்த மூணாவது வரிசையை வாசி பார்க்கலாம்."

வாங்கிப் பார்த்தாள். முகத்தை ஒரு இஞ்சு பின்னால் இழுத்தாள். பிறகு கையை நீட்டி, பேப்பரை வெயில் பக்கமாகத் திருப்பினாள்.

"எழுத்து ரொம்பப் பொடிசுங்க."

"எத்தனை நாளா அம்மணி?"

"செக்கிங்ல உட்கார்ந்தப்பவே கடைசி ஒரு வருஷமா அப்படித்தானுங்க. சூப்பர்வைசர் கிட்டச் சொல்லலை. சொன்னா நிறுத்திப்போடுவாங்கன்னு."

டைரியை வாங்கி, மகள் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்ததில் 'அம்மாவுக்குக் கண்ணாடி' என்று எழுதினேன். என்ன தொகை போடுவது என்று தெரியவில்லை. என் கண்ணாடி வாங்கி வெகுநாள் ஆயிற்று. உள்ளே குரல் கொடுத்தேன்.

"இப்பல்லாம் என்ன விலைங்கறே?"

"முதல்ல ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்ணைப் பாருங்க" என்றாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. வெள்ளனே போனாத்தான் சீட்டு கிடைக்கும்."